தில்லை ஆடற்போட்டிக் கதையும் கோபுரக் கரணப் பெண்களும்: பால் நோக்கில் ஒரு வரலாற்று ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

காலை உயர்த்த விடாத நாணத்தால் காளி தோற்றாள் என்கிறது சிதம்பரத்தில் வழங்கும் ஆடற்போட்டிக் கதை. அதே ஊரின் கோபுர வாயில்களிலோ பாதத்தை நெற்றிவரை உயர்த்தி ஆடுவோர் பெண்களே. இம்முரணைச் சிற்பம், இலக்கியம், ஆடல்நூல் ஆகியவற்றின் துணைகொண்டும், ஸ்பானிய ஃபிளமென்கோ ஆடலின் பால் வரையறைகளோடு ஒப்பிட்டும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தில்லைக் காளி, ஊர்த்துவ தாண்டவம், கரணம், பால், நாணம், ஃபிளமென்கோ

முன்னுரை

சிதம்பரம் நடராசர் கோயிலினுள் நிருத்த சபை தேர் வடிவில் அமைந்துள்ளது. இத்தகைய தேர் வடிவம் சோழர் காலத்தின் பிற்பகுதியில் விரும்பிக் கையாளப்பட்ட ஒன்று. சிதம்பரத்திலிருந்து குமராட்சி வழியாகக் காட்டுமன்னார்கோயில் சென்று, அங்கிருந்து சிறிது தொலைவு கடந்தால் காணும் மேலக்கடம்பூர்க் கரக்கோயில் இவ்வடிவத்திற்குச் சிறந்த சான்று. நிருத்த சபையில் ஊர்த்துவ தாண்டவ மூர்த்தி எழுந்தருளியுள்ளார். சிவனும் காளியும் போட்டியிட்டு ஆடிய இடம் இதுவே என்பது தலமரபு. இருவரும் இணையாக ஆடிவருகையில் சிவன் தம் ஒரு காலைத் தலைக்கு மேல் உயர்த்தினார். பெண்மைக்குரிய நாணம் தடுத்ததால் காளி அவ்வாறு செய்யவில்லை. எனவே தோற்றாள், ஊரின் வட எல்லைக்குச் சென்றாள். அங்குள்ள தில்லைக் காளி கோயிலில் சினங்கொண்ட வடிவமும், சினம் தணிந்து நான்முகத்தோடு விளங்கும் பிரம்ம சாமுண்டி வடிவமும் இன்றும் வழிபடப்படுகின்றன.

இக்கதையில் நுட்பமாகக் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. காளிக்கு ஆட்டத்திறன் குறைவு என்று கதை சொல்லவில்லை. இறுதி அசைவு வரை அவள் சிவனுக்கு நிகராகவே ஆடுகிறாள். அவளைத் தோற்கச் செய்வது உடலின் இயலாமை அன்று; பெண் இன்னது செய்யலாகாது என்னும் விதி. போட்டி கலையில் தொடங்கி ஒழுக்கத்தில் முடிகிறது. அடங்காத் தேவியை அடக்கி எல்லைக்கு அனுப்பும் தமிழ்த் தலபுராணப் போக்கை டேவிட் ஷுல்மன் தமது தமிழ்க் கோயில் தொன்மங்கள் பற்றிய நூலில் (1980) விரிவாக ஆராய்ந்துள்ளார். ஆயினும் தில்லையில் தொன்மத்தை மட்டும் வாசிப்பது போதாது. அதை மறுக்கும் சான்று கல்லிலேயே நிற்கிறது.

கோபுர வாயில்களில் ஆடும் பெண்கள்

நாட்டிய சாத்திரத்தின் நான்காம் இயல் 108 கரணங்களை வகுக்கிறது. இவற்றைத் தொடராகச் செதுக்கிய தமிழகக் கோயில்களுள் தஞ்சை, கும்பகோணம், சிதம்பரம், திருவண்ணாமலை, விருத்தாசலம் ஆகியவை குறிப்பிடத்தக்கன. தஞ்சைப் பெருவுடையார் கோயில் விமானத்தின் மேல்தளத்தில் 81 கரணங்கள் முற்றுப்பெற்றுள்ளன. எஞ்சிய கற்கள் செதுக்கப்படாமலே நிற்கின்றன. அங்கு ஆடுபவர் நான்கு கரங்களையுடைய சிவன். சிதம்பரத்தில் நிலைமை மாறுகிறது. நான்கு கோபுர வாயில்களின் உட்பக்கச் சுவர்களிலும் கரணங்களை ஆடுவோர் மானுடப் பெண்கள். கிழக்கு, மேற்குக் கோபுரங்களில் சிற்பங்களுக்கு மேல் அந்தந்தக் கரணத்திற்குரிய நாட்டிய சாத்திரச் செய்யுள்கள் கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. ஆகவே எந்தச் சிற்பம் எந்தக் கரணம் என்பதில் ஐயத்திற்கு இடம் குறைவு.

இவற்றுள் லலாடதிலகம் என்னும் கரணம் நம் வினாவிற்கு நேரடியாகத் தொடர்புடையது. காலைத் தேளின் வால்போல் வளைத்து உயர்த்தி, பெருவிரலால் நெற்றியில் திலகமிடுவது போல் வைப்பது இதன் இலக்கணம். ஊர்த்துவ தாண்டவத்தோடு ஆய்வாளர்கள் ஒப்பிடுவதும் இக்கரணத்தையே. காளி எந்த அசைவிற்கு நாணினாள் என்று கதை சொல்கிறதோ, அதன் நெருங்கிய உறவான அசைவைத் தில்லைக் கோபுரத்தில் பெண்ணொருத்தி ஆடி நிற்கிறாள். அதுவும் கோயிலுக்குள் நுழைவோர் அனைவரும் கடந்து செல்லும் வாயிலில்.

காலமும் இங்கு முக்கியமானது. இக்கோபுரங்களின் கட்டட வரிசையை ஜேம்ஸ் ஹார்ல் 1963-இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தார். வடக்குக் கோபுரம் 16-ஆம் நூற்றாண்டில் கிருஷ்ணதேவராயரால் நிறைவு பெற்றது. ஏனையவை அதற்கு முற்பட்ட 12, 13-ஆம் நூற்றாண்டுகளுக்கு உரியவை. தெற்குக் கோபுரம் காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கனோடு தொடர்புடையது. தில்லைக் காளி கோயிலும் அவன் பெயரோடே இணைத்துச் சொல்லப்படுகிறது. எனவே, எல்லைக்குச் சென்ற தேவிக்குக் கோயில் எழுந்த காலமும் காலை உயர்த்திய பெண் வாயிலில் இடம்பெற்ற காலமும் ஒன்றையொன்று ஒட்டியவை.

இச்சிற்பங்கள் வெறும் அழகு மரபின் விளைவு என்று ஒருவர் வாதிடலாம். செய்யுள் பொறிப்புகள் அவ்வாதத்தைத் தளர்த்துகின்றன. இங்கு நோக்கம் அலங்காரம் அன்று, ஆடல் இலக்கணத்தைக் காட்டுவது. அதே வேளையில், தில்லையில் வாழ்ந்த ஆடல்மகளிர் 108 கரணங்களையும் ஆடினர் என்று சிற்பத்தை மட்டும் கொண்டு நிறுவவும் முடியாது. உறுதியாகக் கூறக்கூடியது இதுவே: காலை உயர்த்தும் பெண்ணுடலைக் கோயில் வாயிலில் வைப்பதை அக்காலச் சிற்பியோ புரவலரோ நாணத்திற்குரியதாகக் கருதவில்லை. மூன்று நூற்றாண்டு கழித்து வடக்குக் கோபுரத்தை முடித்தோரும் கருதவில்லை.

இலக்கியத்தில் தேவர் ஆடலை ஆடிய பெண்

தமிழ் இலக்கிய மரபும் சிற்பத்தின் பக்கமே நிற்கிறது. சிலப்பதிகாரக் கடலாடு காதையில் மாதவி ஆடும் பதினோர் ஆடல்களுள் சிவனுக்குரிய கொடுகொட்டியும் பாண்டரங்கமும் அடங்கும். அசுரரை வெல்லக் கொற்றவை ஆடிய மரக்காலாடலும் காமன் ஆடிய பேடும் உள்ளன. ஒரே பெண் ஆண் தெய்வத்தின் ஆடலையும் பெண் தெய்வத்தின் ஆடலையும் ஆண் பேடியாக ஆடிய ஆடலையும் ஆடுகிறாள். காப்பியம் இதில் எந்தத் தடையையும் காணவில்லை. மரக்காலாடலில் தேவியின் வெற்றிக்குக் கருவியாவது அவள் காலே என்பதும் எண்ணத்தக்கது.

நாட்டிய சாத்திரத்தின் அதே நான்காம் இயல் ஆடல்மகள் மலர் ஏந்தி அரங்கில் புகும் முறையையும் சொல்கிறது. தாண்டவம் ஆணுக்கு, இலாசியம் பெண்ணுக்கு என்னும் பிற்காலப் பகுப்பை மூலநூலில் ஏற்றிக் கூறுவது பொருந்தாது.

ஸ்பெயினின் இடுப்புக் கோடு

பெண்ணுடலின் எப்பகுதி ஆடலாம் என்று விதிப்பது தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. ஸ்பானியப் பண்பாட்டில் பால் பற்றி ஆராய்வோர்க்கு ஃபிளமென்கோ வளமான களம். அம்மரபில் பெண் ஆடுவது இடுப்பிற்கு மேல், ஆண் ஆடுவது இடுப்பிற்குக் கீழ் என்றொரு கொள்கை நிலவியது. கைகளின் வளைவு அவளுக்கு. தரையை அதிரவைக்கும் பாதவேலை அவனுக்கு. பார்சலோனாவின் சொமொரோஸ்ட்ரோ கடற்கரைக் குடிசைப் பகுதியில் பிறந்த ஜிப்சி இனப் பெண் கார்மென் அமாயா (இறப்பு 1963) ஆணின் காற்சட்டை அணிந்து, ஆண்களும் வியந்த விரைவோடு பாதவேலையை ஆடி அக்கோட்டைக் கடந்தார். அவர் உலகப் புகழ் பெற்றுவிட்ட பின்னர், 1951-இல், விசென்டே எஸ்குடெரோ ஆண் ஆடலுக்குப் பத்துக் கட்டளைகளை வெளியிட்டார். ஆணாக ஆடு என்பது அதன் முதற்கட்டளை. இடுப்பு அசையலாகாது என்பதும் அவற்றுள் ஒன்று. நடைமுறை விதியைக் கடந்த பின்னரே விதி எழுத்து வடிவம் பெறுகிறது. தில்லைக் கதையின் நாண விதியையும் இவ்வாறு அணுகலாம். பெண்கள் ஆடாத ஊரில் இப்படியொரு கதைக்குத் தேவையே இருந்திராது.

கவிஞர் ஃபெடெரிகோ கார்சியா லோர்கா 1933-இல் புவனோஸ் அயர்ஸ் நகரில் ஆற்றிய உரையில் ஓர் ஆடற்போட்டியைக் குறிப்பிடுகிறார். ஹெரேஸ் நகரில் இளம் அழகியர் பலரை எண்பது வயது மூதாட்டி வென்றார். அவர் செய்தது கைகளை உயர்த்தி, தலையைப் பின்னே சாய்த்து, தரையில் ஓர் உதை விட்டது மட்டுமே. அழகை உதறிப் பேயுரு வேண்டிப் பெற்றுத் திருவாலங்காட்டு ஆடலைப் பாடிய காரைக்கால் அம்மையாரை அறிந்த தமிழ் வாசகர்க்கு அம்மூதாட்டி அந்நியர் அல்லர்.

ஆய்வின் வழி மீண்ட அசைவு

தில்லைக் கரணங்கள் நவீன ஆய்வில் புகுந்த வரலாறும் பால் நோக்கில் வாசிக்கத்தக்கது. 1926-இல் பரோடாவில் வெளிவந்த நாட்டிய சாத்திரப் பதிப்பு இச்சிற்பப் படங்களைப் பயன்படுத்தியது. 1936-இல் வெளிவந்த தாண்டவ லட்சணம் என்னும் ஆங்கில நூலின் ஆசிரியர் மூவருள் ஒருவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் பி.வி. நாராயணசாமி நாயுடு. கரணத்தைப் பெரிதும் நிலையாகவே கண்ட காலம் அது. அதே காலத்தில்தான் அசைவுகளை உடலில் தாங்கிய மரபினர் மேடையிலிருந்து விலக்கப்பட்டுக்கொண்டிருந்தனர். முத்துலட்சுமி ரெட்டி 1927-இல் முன்னெடுத்த முயற்சி 1947-ஆம் ஆண்டின் தேவதாசி ஒழிப்புச் சட்டத்தில் நிறைவுற்றது. சிறுமியரைப் பொட்டுக்கட்டுவதிலிருந்து காத்த அச்சட்டத்தின் தேவையை மறுப்பதற்கில்லை. ஆயினும் அதற்கான விவாதங்களில் ஆடும் பெண்ணின் உடலே குற்றவாளியாக நிறுத்தப்பட்டது.

பின்னர் பத்மா சுப்பிரமணியம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கரணங்கள் பற்றி முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டார். கரணம் ஒரு நிலை அன்று, ஓர் இயக்கம். சிற்பம் அவ்வியக்கத்தின் ஒரு கணத்தையே பிடித்துக்காட்டுகிறது என்பது அவர் நிறுவிய கருத்து. அதை ஏட்டில் வாதிட்டதோடு நில்லாமல் தாமே ஆடியும் காட்டினார். அவரது மீட்டுருவாக்கத்தின் சில கூறுகள் குறித்து ஆடற்கலைஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும், கோபுரப் பெண்ணின் அசைவை அறியப் பெண்ணொருத்தியின் உடலையே ஆய்வுக் கருவியாக்கிய முறை இத்துறையில் புதியது.

1981 முதல் சிதம்பரத்தில் சிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி நடைபெற்று வருகிறது. பரதநாட்டியத் தனியாடலில் ஆடற்போட்டிக் கதை நிகழ்த்தப்படும்போது ஒரே நர்த்தகி சிவனாகவும் காளியாகவும் மாறி மாறி ஆடுகிறாள். சிவனாகக் காலை உயர்த்துகிறாள். இறக்கிய மறுகணமே காளியாக, அக்காலை உயர்த்த இயலாதவளாகத் தலை கவிழ்கிறாள்.