பணியாரக் கல்லும் டிசம்பர் விருந்தும்

காரைக்குடிப் பக்கம் கல்யாண வீடுகளில் இடைப்பலகாரம் என்று ஒரு வேளை உண்டு. மத்தியானச் சாப்பாட்டுக்கும் ராச் சாப்பாட்டுக்கும் நடுவில், வெயில் தாழ்ந்ததும் வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்னியும் மசாலைச் சீயமும் காபியும் வரும். யாரும் அதைச் சாப்பாட்டுக்கு முன்னோட்டமாக நினைப்பதில்லை. தனி வேளை அது. அந்த வேளைதான் அமெரிக்கா வந்து, விருந்தின் முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டது. விருந்தாளி கோட்டைக் கழற்றியதும் கையில் கொடுக்கும் சின்னத் தட்டை வெள்ளைக்காரர் வழக்கம் என்றுதான் எங்கள் பிள்ளைகள் நினைக்கிறார்கள். தூரமும் விடுமுறையும் கடைகளும் சேர்ந்து எங்கள் பலகாரத்தை அந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தன என்பது நான் கண்ட உண்மை.

1946 சட்டப்படி இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு 100 பேர்தான் இங்கே குடியேற முடிந்தது. 1965 அக்டோபர் 3 அன்று ஜனாதிபதி ஜான்சன் சுதந்திரதேவி சிலையடியில் கையெழுத்திட்ட சட்டம் அந்தக் கதவைத் திறந்தது. டாக்டர்களும் இன்ஜினியர்களுமாக வந்தவர்களில் என் கணவரும் ஒருவர். எழுபதுகளின் கடைசியில் அவர் பின்னால் நான் நியூஜெர்சி வந்தபோது, தமிழ்க் குடும்பங்கள் ஊருக்கு ஒன்றாகச் சிதறிக் கிடந்தன. தீபாவளிக்கு லீவு கிடையாது, பொங்கலுக்கும் கிடையாது. எல்லோருக்கும் ஒன்றாக லீவு கிடைத்தது கிறிஸ்துமஸை ஒட்டித்தான். எங்கள் ஊர்ப் பிள்ளையார் நோன்பும் திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தொன்றாம் நாள் என்பதால் பெரும்பாலும் டிசம்பரிலேயே வந்தது. ஆக, ஆண்டு முழுக்கத் தள்ளிப்போன விருந்தெல்லாம் அந்த ஒரு வாரத்தில் கூடியது.

நாலு மணிக்கு வரச் சொன்னால் ஃபிலடெல்ஃபியாக் குடும்பம் நாலுக்கே வந்துவிடும். கனெக்டிகட் குடும்பம் டர்ன்பைக்கில் பனியில் மாட்டி ஆறரைக்கு வரும். எல்லோரும் வராமல் சாப்பாடு பரிமாறுவது நம் வழக்கமில்லை. அதுவரை குழந்தைகள் பசி தாங்குமா? நின்றபடியே ஒரு கையால் சாப்பிடக் கூடியதாக, வருகிறவர்களுக்கு அப்போதைக்கப்போது சூடாகக் கொடுக்கக் கூடியதாக ஏதாவது வேண்டியிருந்தது. இடைப்பலகாரம் அதற்கென்றே பிறந்ததுபோல் பொருந்திக்கொண்டது.

சாமான்தான் சிரமம். பருப்புக்கு மன்ஹாட்டன் லெக்சிங்டன் அவென்யூவில் ஓர் ஆர்மீனியர் 1944-ல் தொடங்கிய கலுஸ்தியான் கடைக்குப் போவோம். சுண்டலுக்கு, ஸ்பெயினிலிருந்து வந்த உனானுவே தம்பதி 1936-ல் தொடங்கிய கோயா கம்பெனியின் டின் கொண்டைக்கடலை இருந்தது. தண்ணீரை வடித்து, அலசி, கடுகு தாளித்துத் தேங்காய் தூவினால் பத்து நிமிஷத்தில் சுண்டல். புழுங்கலரிசிக்கு அங்கிள் பென்ஸ். நெல்லாகவே ஆவியில் வேகவைத்து எடுத்த அரிசி என்பதால் உளுந்தோடு சேர்ந்து நன்றாக அரைபட்டது. பனிக்காலத்தில் மாவு பொங்காது. ஓவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு ராத்திரி முழுக்க உள்ளே வைத்தால் காலையில் விளிம்புவரை பொங்கியிருக்கும்.

பணியாரக் கல் கிடைத்த கதை இன்னும் அருமையானது. ஊரிலிருந்து இரும்புக் கல்லைச் சுமந்து வர முடியாதவர்களுக்கு இங்கேயே ஒன்று காத்திருந்தது. டென்மார்க்காரர்கள் ஏப்ளஸ்கிவர் என்று உருண்டையாக ஒரு பண்டம் சுடுவார்கள். அதற்கு ஏழு குழி வைத்த கல், அச்சு அசல் நம்முடையதே. டென்னசியில் 1896-ல் தொடங்கிய லாட்ஜ் கம்பெனி அதை வார்ப்பிரும்பில் செய்கிறது. டேனிஷ் மக்கள் 1911-ல் கலிஃபோர்னியாவில் உண்டாக்கிய சோல்வாங் ஊரில் இன்றும் தெருவில் நின்று சர்க்கரையும் ஜாமும் தொட்டுச் சாப்பிடலாம். டென்மார்க்கிலும் அதைச் சுடுவது பெரும்பாலும் கிறிஸ்துமஸ் மாதத்தில்தான். நாம் குச்சியால் திருப்புவதை அவர்கள் பின்னல் ஊசியால் திருப்பினார்கள். கலிஃபோர்னியாவின் பே ஏரியாவில் இருக்கும் என் மகள் அந்தக் கல்லில்தான் காரப் பணியாரம் சுடுகிறாள். தாளித்த வெங்காயமும் மிளகாயும் கலந்த மாவை முக்கால் குழிக்கு ஊற்றி மூடுவாள். ஓரம் சிவந்து தானாகக் கல்லை விட்டு விலகும்போது குச்சியை விளிம்பில் கொடுத்து ஒரு சுழற்று. அவசரப்பட்டால் பிய்ந்துவிடும்.

டெக்சாஸில் பஜ்ஜி வேறு ஆளானது. அங்கே பஜ்ஜி மிளகாய்க்குப் பதில் ஹலபேன்யோ. 1995-ல் மாநிலத்தின் அதிகாரபூர்வ மிளகாய் ஆனதே அதுதான். சதை தடிமன், காரமும் அதிகம். கீறி விதையைச் சுரண்டி, உள்ளே புளியும் ஓமமும் தடவி, கடலை மாவில் தோய்த்துப் போட வேண்டும். வாழைக்காய், கொத்தமல்லி, புளி எல்லாமே மெக்சிகன் கடையில் கிடைத்தன. வீட்டுக்குள் எண்ணெய் காய்ச்சினால் புகை அலாரம் அலறும் என்பதால் பல வீடுகளில் கராஜ்தான் கடாயடி. "ஆச்சி, எண்ணெய் காஞ்சிருச்சு, மாவைக் கொண்டாங்க!" என்று என் தம்பி அங்கிருந்து கூப்பிடுவான். அடுப்படிப் பக்கமே வராத ஆண்களைக் கடாய் முன்னால் நிற்கவைத்தது இந்த விருந்துதான். அதை நான் பெரிய மாற்றமாகவே மதிக்கிறேன்.

பிறகு கடைகள் வந்தன. 1977-ல் பகவதி அமின் என்ற குஜராத்திப் பெண்மணி நியூஜெர்சியில் தொடங்கிய நொறுக்குத்தீனித் தொழில் டீப் ஃபுட்ஸாக வளர்ந்து, உறைய வைத்த சமோசாவை எங்கள் ஃப்ரீஸருக்குக் கொண்டுவந்தது. எடிசனின் ஓக் ட்ரீ ரோடு இந்தியக் கடைத்தெருவானது. தொண்ணூறுகளில் ஹெச்-1பி விசாவில் திரளாக வந்த இளைஞர்கள் சென்னை ஓட்டல் ருசியைக் கேட்டார்கள். 1965-ல் மவுண்ட் ரோடு புகாரி ஓட்டலில் பிறந்ததாகச் சொல்லப்படும் சிக்கன் 65 டிசம்பர் விருந்தில் நிரந்தர இடம் பிடித்தது. எங்களை இங்கே வரவிட்ட சட்டத்துக்கும் அதே வயசு. இப்போது கேட்டரிங்காரரிடம் ஆஃப் ட்ரே, ஃபுல் ட்ரே என்று சொன்னால் போதும், எல்லாம் அலுமினியத் தட்டில் வந்து இறங்கிவிடும்.

கடைப் பலகாரம் இப்படி என்றால், வீட்டில் செய்த, கெட்டுப்போகாத பண்டங்களை விற்கச் சட்டம் இடம் கொடுத்தது டெக்சாஸில் 2011-ல், கலிஃபோர்னியாவில் 2013-ல், நியூஜெர்சியில் எல்லா மாநிலங்களுக்கும் கடைசியாக 2021-ல். அதற்கு எத்தனையோ வருஷம் முன்பிருந்தே, பணமென்று எதையும் பார்க்காமல், எங்கள் தலைமுறைப் பெண்கள் முறுக்கு பிழிந்து டப்பா டப்பாவாக நிரப்பியிருக்கிறார்கள். அந்த உழைப்பு எங்கும் பதிவாகவில்லை. இதை நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணமே அதுதான்.

ட்ரே வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. வேலைக்குப் போகிற பெண்களுக்கு அது விடுதலை. ஆனால் எட்டு வகை ட்ரேயில் ஆறிக் கிடப்பதைவிட மூன்று வகை போதும். முதல் நாளே செய்துவைக்க முறுக்கோ தட்டையோ ஒன்று, எண்ணெயில் பொரிக்காமல் சுண்டல் ஒன்று, வந்தவர் கண்முன்னே சுட்டுத் தர ஒன்று. அந்த மூன்றாவதற்குப் பணியாரத்தை மிஞ்ச ஒன்றுமில்லை. தலைக்கு நாலு என்று கணக்குப் போட்டு மாவை முதல் நாளே ஆட்டிவிடுங்கள். கல்லை அடுப்பில் வைத்து, குச்சியைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். பசியோடு வந்தவரைக் காக்க வைக்காத வழக்கம் நம்முடையது என்பதை அவர்கள் சுட்டுப் பழகித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.