சாதிமல்லியும் கிராஸ் நகரமும்
தென் பிரான்சின் கிராஸ் நகரில் பயிரான மல்லிகை நம்மூர்ச் சாதிமல்லி இனம்தான். நீராவியில் வடித்தால் அதன் மணம் கெடும். அதனால் கண்ணாடித் தட்டுகளில் பன்றிக்கொழுப்பும் மாட்டுக்கொழுப்பும் பூசி, கொழுப்பு மணத்தை உறிஞ்சும்படி மேலே பூவைப் பரப்பினார்கள். விந்தையான வழிதான், ஆனால் பறித்த பிறகும் மல்லிகை மணம் சுரப்பதால் அது பலித்தது. வாடியதை எடுத்துப் புதுப்பூ வைக்கும் வேலை வாரக்கணக்கில் நீளும்.

கொழுப்பு இல்லாத வழியும் உண்டு. 1835இல் ராபிகே என்ற பிரெஞ்சு வேதியியலாளர் ஈதர் என்னும் கரைப்பானால் ஜான்குவில் மலரின் மணத்தைப் பிரித்தார். ஆலைத்தொழிலாக அது வளர்ந்தது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், பெட்ரோலிய ஈதரைக் கொண்டு. பூவில் பெரும்பங்கு நீர். இந்தக் கரைப்பான் நீரோடு கலக்காமல் மணத்தையும் மெழுகையும் இழுத்துக்கொள்ளும். கசியும் நீர் அடியில் தங்கும். கரைப்பானை ஆவியாக்கினால் கெட்டியான மெழுகுப்பசை மிஞ்சும். அதை ஆல்கஹாலில் கரைத்து, குளிரவைத்து, மெழுகை வடிகட்டி, ஆல்கஹாலையும் ஆவியாக்கினால் வாசனைச் சாறு தயார். இன்று தமிழ்நாட்டு ஆலைகள் ஹெக்சேனைக் கொண்டு இதையே செய்கின்றன.