நிரைகள் தேங்குமிடம்: போஸ்ட்கிரெஸ் கையேட்டுக் குறிப்பு ஒன்றின் மறுவாசிப்பு

போஸ்ட்கிரெஸில் பல நிரைகளைத் திருப்பித் தரும் செயற்கூறுகள் மந்தமாக ஓடினால், பழியைப் பிஎல்/பிஜிஎஸ்கியூஎல் மொழியின் மேல் போடுவது வழக்கமாகிவிட்டது. அதற்குச் சான்றாகக் காட்டப்படுவது, அதிகாரபூர்வக் கையேட்டில் ரிட்டர்ன் நெக்ஸ்ட், ரிட்டர்ன் குவெரி ஆகியவற்றை விளக்கும் பகுதியிலுள்ள ஒரு குறிப்பு. நிரைகள் அனைத்தும் சேர்ந்த பிறகே செயற்கூறு திரும்பும். சேர்ந்தவை வொர்க்_மெம் அளவை மீறினால் வட்டுக்குப் போகும். வருங்காலப் பதிப்பில் இந்த வரம்பு நீங்கக்கூடும் என்பது அதன் சாரம்.

இதிலிருந்து முந்தைய ஆய்வுகள் இரண்டு முடிவுகளை எடுத்தன. ரிட்டர்ன் நெக்ஸ்ட் ஓடும் லூப்பை விட்டு, 8.3ஆம் பதிப்பில் (2008) வந்த ரிட்டர்ன் குவெரிக்கு மாறினால் சிக்கல் தீரும் என்பது ஒன்று. லூப்பின் செலவு குறையும் என்பது உண்மைதான். ஆனால் இரண்டு வழியிலும் நிரைகள் ஒரே வகைக் கிடங்கில்தான் குவிகின்றன என்று அக்குறிப்பே சொல்கிறது.

இரண்டாவது முடிவுதான் விவாதத்துக்குரியது: தேக்கம் மொழியின் குறை, வேறு மொழியில் எழுதினால் நிரைகள் ஒவ்வொன்றாக வழிந்து வரும் என்பது. ஜெனரேட்_சீரிஸை எடுத்துக்கொள்வோம். அது சி மொழியில் எழுதப்பட்டது. ஓர் அழைப்புக்கு ஒரு நிரை தரும். செலக்ட் பட்டியலில் அதை வைத்து 1 முதல் 1 கோடி வரை கேட்டு, லிமிட் 1 போட்டால் விடை உடனே வருகிறது. அதையே ஃப்ரம் பகுதிக்கு மாற்றினால் 1 கோடி நிரைகளும் உருவான பிறகே முதல் நிரை வெளிவருகிறது. இங்கே பிஎல்/பிஜிஎஸ்கியூஎல் எங்கும் இல்லை. மூல நிரலைப் பார்த்தாலும் இதுவே தெரிகிறது: ஃபங்ஷன் ஸ்கேன் கணு, முதல் நிரை கேட்கப்பட்டதுமே செயற்கூறை முழுக்க ஓட்டிக் கிடங்கை நிரப்பிவிடுகிறது. 16ஆம் பதிப்பு வரைக்குமே இதைச் சொல்கிறேன். அந்த எல்லைக்குள், கையேட்டுக் குறிப்பு பிழையில்லை. அதை மொழிக்குரிய குறையாக மட்டும் படித்ததே பிழை.

தேக்கத்தைவிடப் பெரிய இழப்பு வேறொன்று. ஆர்டர் அட்டவணை முழுவதையும் தரும் ஒரு பிஎல்/பிஜிஎஸ்கியூஎல் செயற்கூறை அழைத்து, வெளியே ஒரே வாடிக்கையாளருக்கு வேர் நிபந்தனை போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்பிளெய்ன் காட்டுவது ரோஸ்=1000 என்ற ஊகம். அட்டவணையில் பத்து நிரை இருந்தாலும் பத்து லட்சம் இருந்தாலும், ரோஸ் அளவை நாமே அறிவிக்காதவரை அதே 1000தான். நிபந்தனை, ஸ்கேனுக்குக் கீழே ஃபில்டர் என்று மட்டும் நிற்கிறது. வாடிக்கையாளர் எண்ணுக்கு இண்டெக்ஸ் இருந்தும் பயனில்லை. அதே வினவலை லாங்குவேஜ் எஸ்கியூஎல், ஸ்டேபிள் என்று அறிவித்து ஒற்றை செலக்ட்டாக எழுதினால், செயற்கூறின் பெயரே திட்டத்திலிருந்து மறைந்து, அதன் உடல் வெளி வினவலோடு கலந்துவிடுகிறது. இண்டெக்ஸ் ஸ்கேனுக்கு வழி திறக்கிறது. ஸ்டேபிள் என்ற சொல்லை விட்டுவிட்டால் இயல்புநிலை வாலடைல். அப்போது இந்தக் கலப்பு நடக்காது. ஸ்டிரிக்ட், செக்யூரிட்டி டிஃபைனர் ஆகியவையும் அதைத் தடுக்கும். எந்த மொழி என்பதைவிட, பிளானரின் கண்ணுக்கு உடல் தெரிகிறதா என்பதே முதன்மையான கேள்வி என்று கருதுகிறேன்.

சிக்கலான தருக்கத்தை ஒற்றை செலக்ட்டில் அடக்க முடியாது என்பார்கள். பெரும்பாலும் அது கேஸ் கூற்றில் அடங்கும் தருக்கம்தான். செக்யூரிட்டி டிஃபைனர் தேவைப்படும் இடங்களை மட்டும் மெய்யான விதிவிலக்காக ஏற்கிறேன். அங்கே நிபந்தனைக்குரிய மதிப்பை அளபுருவாக உள்ளே அனுப்புவதே வழி.

நிரைகள் வழிந்தோடும் வசதி வரட்டும், எல்லாம் சரியாகும் என்ற வாதமும் உண்டு. ஆரக்கிள் 9ஐ பதிப்பிலேயே பைப்லைன்ட் செயற்கூறுகளைக் கொண்டுவந்தது. அங்கே நிரைகள் ஒவ்வொன்றாகத்தான் வருகின்றன. ஆனால் வெளியே எழுதிய வேர் நிபந்தனை செயற்கூறின் உள்ளே இருக்கும் வினவலைத் தானாகச் சென்றடைவதில்லை.