குருதித் துளியில் தேடியவர்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலேரியா ஒழிப்பு என்றதும் புகை விசிறுபவரே நினைவுக்கு வருவார். ஆனால் குருதியில் நோயைக் கண்டுபிடித்தவர் ஆய்வுகூடத்தில் இருந்தார். பொதுச் சுகாதார ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் என்பது அவருடைய பதவிப்பெயர்.

விரல் நுனியில் குத்தி எடுத்த குருதி, ஒரே கண்ணாடித் தகட்டில் தடித்த பூச்சாகவும் மெல்லிய பூச்சாகவும் இடப்படும். மெல்லிய பூச்சு மட்டும் மெதனோலில் நிலைப்படுத்தப்படும். தடித்த பூச்சைக் கீம்சா சாயக் கரைசலின் நீர் தொட்டதும் செங்குருதிக் கலங்கள் உடைந்துவிடும், ஒட்டுண்ணி எஞ்சும். நோய் உண்டா என்பதைத் தடித்த பூச்சும், ஒட்டுண்ணியின் வகை வைவாக்சா பல்சிபாரமா என்பதை மெல்லிய பூச்சும் தெளிவாகக் காட்டும். எண்ணெய்த் துளியிட்டு நுணுக்குக்காட்டி வில்லையால் குறைந்தது 100 பார்வைப் புலங்களைப் பார்த்த பிறகே 'இல்லை' என்று எழுதலாம். கண்ணும் கழுத்தும் நோகும் வேலை.

அதில் கவனம் தளர்ந்தால் நேர்வதை நாடு பட்டறிந்தது. 1963இல் இலங்கை முழுவதிலும் 17 நோயாளரே பதிவாகினர். கண்காணிப்புக் குறைந்தது, 1969இல் தொகை 5 இலட்சத்தைத் தாண்டியது. போர்க்காலத்தில் வடக்கும் கிழக்கும் பெருஞ்சுமை தாங்கின.

உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளர் 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அதே ஆண்டின் இறுதியில் மன்னாரில், மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபென்சி நுளம்பு பிடிபட்டது. பின்னர் யாழ்ப்பாண நகரக் கிணறுகளிலும் அதன் குடம்பிகள் காணப்பட்டன. ஆகவே, வெளிநாடு சென்று காய்ச்சலுடன் திரும்புவோரின் குருதிப் பூச்சுகள் இன்றும் சோதிக்கப்படுகின்றன.