உடலும் தீர்ப்பும்

நாம் நமது உடலை நமது கண்ணால் மட்டும் காண்பதில்லை. நாம் வாழும் சமுதாயத்தின் கண்ணாலும் காண்கிறோம். பெண் மெல்லியள் என்னும் கருத்தின் வரலாறே இதற்குத் தக்க சான்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரித்தானியாவில் செல்வர் வீட்டுப் பெண்களை நொய்ந்த உடலினர் என மருத்துவர் கூறினர். அதே நாட்டின் நிலக்கரிச் சுரங்கங்களிலோ, 1842ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கும்வரை, தொழிலாளப் பெண்கள் இடுப்பில் வாரும் சங்கிலியும் பூட்டித் தவழ்ந்தபடி கரிவண்டிகளை இழுத்தனர். இலாபம் வேண்டியபோது அவ்வுடலின் மென்மை முதலாளிகளின் நினைவுக்கு வரவில்லை.

1928இல் அம்ஸ்ரடாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 800 மீற்றர் ஓட்டம் முதன்முறையாக நடைபெற்றது. இறுதிப் போட்டியில் ஒன்பதின்மரும் ஓடி முடித்தனர். ஜேர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 செக்கனில் உலக சாதனை நிலைநாட்டினார். ஆயினும், பெண்கள் களைத்து வீழ்ந்தனர் எனப் பத்திரிகைகள் மிகைப்படுத்தின. ஆண் ஓடிக் களைத்தால் வீரம். பெண் களைத்தால் இயலாமை! 1960இன் உரோம் ஒலிம்பிக் வரை அவ்வோட்டம் நீக்கப்பட்டிருந்தது.

அந்த 32 ஆண்டுகளில் வளர்ந்த சிறுமியர், பிறர் வழங்கிய தீர்ப்பைத் தம் உடலின் இயல்பென்றே நம்பியிருப்பின் வியப்பென்ன? ஓடிப் பாராத கால் தன் வலிமையை எங்ஙனம் அறியும்? சிறுவரோ வலியை மறைப்பதே ஆண்மை எனக் கற்றனர். அதுவும் ஒரு தளையே.

1984இல் லொஸ் ஏஞ்சல்ஸில் பெண்களுக்கான ஒலிம்பிக் மரதன் முதன்முதலாக நடைபெற்றது. அமெரிக்காவின் ஜோன் பெனோயிற் 2 மணி 24 நிமிடம் 52 செக்கனில் வென்றார். 1948இல் இலண்டனில் வென்ற ஆடவரின் நேரத்திலும் இது ஏறத்தாழ 10 நிமிடம் குறைவு. இடைப்பட்ட காலத்தில் பெண்ணின் எலும்பும் தசையும் புதிதாகப் படைக்கப்படவில்லை; வாய்ப்பும் பயிற்சியுமே மாறின.

ஆகவே, "என்னால் இயலாது" என ஒரு மாணவி கூறுமிடத்து, அச்சொல்லை அவளுக்குக் கற்பித்தவர் யார் என்றே நாம் முதலில் வினவுவோமாக.