டைட்டிலில் ஒரு பெயர்

சத்யஜித் ரேயைத் தெரியாதவர் நம் அங்கத்தினர்களில் இருக்க மாட்டார்கள். துலால் தத்தாவைத் தெரியுமா? 'பதேர் பாஞ்சாலி' (1955) முதல் 'ஆகந்துக்' (1991) வரை ரேயின் முழுநீளப் படங்கள் அத்தனைக்கும் எடிட்டர் அவரே.

பௌதிகம் படித்தவன், கணக்குப் போட்டுப் பார்த்தேன். 35 மி.மீ. பிலிமில் அடிக்கு 16 பிரேம். வினாடிக்கு 24 பிரேம் ஓடும். நிமிடத்துக்கு 90 அடி. இரண்டு மணி நேரப் படம் என்றால் 10,800 அடி! எல்லாம் கையால் வெட்டி ஒட்டியது. முதல் படத்தை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு அனுப்ப நாள் நெருங்கியபோது, ரேயும் அவரும் பத்து நாட்கள் இரவு பகலாக உழைத்தார்கள். சப்டைட்டில் போடக்கூட நேரமில்லை.

(அந்தப் படத்துக்கு மேற்கு வங்க அரசு தந்த பணம் சாலை மேம்பாட்டுக் கணக்கில் எழுதப்பட்டது. தலைப்பில் 'பாதை' இருக்கிறதே! கோப்புகளோடு காலம் தள்ளிய எனக்கு இதில் ஆச்சரியமில்லை.)

உத்தியோக நிமித்தம் ஐந்து வருஷம் கல்கத்தாவில் இருந்தேன். அந்தப் படங்களைத் தேடித்தேடிப் பார்த்தும், அவர் பெயரைக் கவனித்ததில்லை. 2010இல் அவர் காலமான செய்தியைப் படித்தபோதுதான் உறைத்தது. சென்ற மாதம் பேரனின் மடிக்கணினியில் டைட்டிலை நிறுத்தச் சொல்லி, மறந்துபோன வங்காள எழுத்துகளைக் கூட்டி அந்தப் பெயரைப் படித்தேன்.