ஆயிடை

கொழும்பின் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தமிழில் கணிதம் படித்தவர்களுக்கு 'வகுப்பாயிடை' பழகிய சொல். 'அ' என்னும் சுட்டு நீண்டு, யகர உடம்படுமெய் பெற்று 'இடை'யோடு சேர்ந்ததே ஆயிடை. வேங்கடத்துக்கும் குமரிக்கும் நடுவிலுள்ள நிலத்தைச் சுட்டத் தொல்காப்பியப் பாயிரம் இச்சொல்லையே ஆள்கிறது. மாதிரியைக் கொண்டு உண்மைச் சராசரி இருக்கக்கூடிய எல்லைகளைக் கணிக்கும் confidence interval ஐத் தமிழகத்தில் 'நம்பிக்கை இடைவெளி' என்பார்கள். வெறுமை தொனிக்கும் அதைவிட, இரு எல்லைகளுக்குள் அடங்கும் இடத்தைக் காட்டும் 'நம்பிக்கை ஆயிடை'யே எனக்குப் பிடித்தது.

ஓர் இறாத்தல் பாண் 450 கிராம் இருக்க வேண்டும். ஐந்து பாண்களை நிறுத்ததில் சராசரி 440, நியம விலகல் 10 என வந்தால் பேக்கரிக்காரர் நிறையைக் குறைக்கிறார் எனலாமா? பெருமாதிரிக்குரிய 1.96 ஐப் போட்டால் 95% நம்பிக்கை ஆயிடை 431.2 முதல் 448.8 வரை, 450 வெளியே நிற்கிறது. ஆனால் ஐந்தே பாண்களில் கணித்த விலகலை அவ்வளவு நம்ப முடியாது. டப்ளின் கின்னஸ் மதுவடிசாலையில் வேலைபார்த்த வில்லியம் கொசெற், 1908இல் 'ஸ்ரூடன்ற்' என்ற புனைபெயரில் இதற்கு வழிகாட்டினார். அப்பெயரிலான பரம்பல் இங்கே 1.96 க்குப் பதிலாகத் தரும் எண் 2.776. ஆயிடை 427.6 முதல் 452.4 வரை விரிய, 450 உள்ளே வந்துவிடுகிறது. இன்னும் பல பாண்களை நிறுக்காமல் பேக்கரிக்காரரைக் குற்றஞ்சாட்டக் கூடாது.